ஒன்ஸ் அகெய்ன்: நா ஹீயும் க்யூ ஜின்னும் மறுபடி சேர்ந்தது சரிதானா?

தாழம்பூ (இழை தொடங்கியவர்)

தென் கொரியாவின் கேபிஎஸ் 2 தொலைக்காட்சியில் 2020 மார்ச் 28 முதல் செப்டம்பர் 13 வரை சனி, ஞாயிறு மாலைகளில் வந்த 'ஒன்ஸ் அகெய்ன்' தொடருக்கு இங்கே தனி இழை இல்லை. ஆனால் வேறு இழைகளில் அந்த முடிவைப் பற்றி நிறையக் கோபம் கிடக்கிறது. 'விவாகரத்தைப் பற்றித் துணிச்சலாக ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்துப் பழைய பாதைக்கே போய்விட்டார்கள்' என்பதுதான் பலரும் சொல்வது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று எழுதத்தான் இந்த இழை. முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

கதை சுருக்கமாக: யோங்ஜு சந்தையில் கோழி வறுவல் கடை நடத்துகிறார் சாங் யங் டால். மனைவி ஜாங் ஓக் பூன். நான்கு பிள்ளைகள். மூத்தவன் ஜூன் சன் சண்டைக் காட்சிக் கலைஞன், விவாகரத்தாகி இரண்டு பெண் குழந்தைகளைப் பிரிந்து இருக்கிறான். அடுத்தவள் கா ஹீ, முன்னாள் விமானப் பணிப்பெண், விவாகரத்தாகி மகனோடு பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். கடைக்குட்டி டா ஹீ கல்யாண நாளன்றே மாப்பிள்ளையின் துரோகம் தெரிந்து அந்தக் கல்யாணத்தை முறித்துக்கொள்கிறாள். மிச்சம் இருப்பது நா ஹீ ஒருத்திதான். குழந்தைகள் நல மருத்துவர், கணவன் க்யூ ஜின்னும் அதே மருத்துவமனையில் அதே துறை. அம்மா ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மீந்திருப்பது அவள் மட்டும்தான். அவளும் விவாகரத்து வாங்கிக்கொண்டு, அதை வீட்டில் மறைத்து, ஒப்பந்தம் எழுதி வைத்து, முன்னாள் கணவனோடு ஒரே வீட்டில் தங்குகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஏன் பிரிந்தார்கள்? சண்டைக்காட்சிகளைப் பார்த்தால் வீட்டு வேலை, மாமியார், வேலை நேரம் என்று ஆயிரம் காரணம். அடியில் இருப்பது ஒன்றுதான், கலைந்துபோன கர்ப்பம். இரண்டு பேருமே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள், தங்கள் குழந்தை போனதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை. அவள் வேலையில் மூழ்கினாள், அவன் எதுவும் நடக்காதது போல இருந்தான். ஒருவர் இன்னொருவரைக் கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மனைவி, மருமகள் என்கிற பொறுப்புகள் விலகிய பிறகுதான் நா ஹீக்கு அவனை மனிதனாகப் பார்க்க முடிகிறது. அவனுக்கும் அப்படியே. அதனால் அந்த விவாகரத்தைத் தவறு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அது நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கல்யாணம் கசப்பிலேயே செத்திருக்கும். தொடரும் 'அவசரப்பட்டு விட்டோம்' என்று அவர்களை வருந்தவைக்கவில்லை. பழைய கல்யாணத்தை முடித்துவிட்டு, அதே ஆளோடு வேறொரு கல்யாணம். இதைப் பின்வாங்கல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. நால்வரில் இரண்டு பேர்தான் பழைய துணையோடு சேர்கிறார்கள், ஜூன் சன்னும் நா ஹீயும். கா ஹீக்கும் டா ஹீக்கும் புதுக் காதல். எல்லாரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் என்பது உண்மையே இல்லை.

கடலோரம்

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

நீங்கள் சொல்கிற உணர்வு நடிப்பில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. நா ஹீயாக வந்த லீ மின் ஜங்கும் க்யூ ஜின்னாக வந்த லீ சாங் யொப்பும் அந்தக் கசப்பை நன்றாகவே கொண்டுவந்தார்கள். ஆனால் தொடர் எந்த இடத்தில் ஒளிபரப்பாகிறது என்று பாருங்கள். கேபிஎஸ் 2, வார இறுதி, இரவு எட்டு மணியை ஒட்டி, வீட்டில் மூன்று தலைமுறையும் சாப்பிட்டபடி பார்க்கிற நேரம். அந்த நேரத்துத் தொடருக்கென்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: எவ்வளவு உடைந்தாலும் கடைசி வாரத்தில் குடும்பம் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். 'மை கோல்டன் லைஃப்' போன்று 45 சதவீதப் பார்வையாளர்களை எட்டியவை எல்லாம் அந்த நேரத்தில் வந்தவை. 'ஒன்ஸ் அகெய்ன்'கூட 30 சதவீதத்தைத் தாண்டியது. அத்தனை வீடுகளுக்கும் பிடித்த மாதிரி விவாகரத்தை முடித்துவைக்க ஒரே வழிதான் உண்டு.

என் பெரிய வருத்தம் இரட்டைக் குழந்தைகள். கலைந்த கர்ப்பத்தின் துக்கத்தை அத்தனை பொறுமையாகக் கட்டிவிட்டு, கடைசியில் இரட்டைக் கர்ப்பத்தைக் கொடுத்தால், 'பரவாயில்லை, போனதற்குப் பதிலாக இரண்டு வந்துவிட்டது' என்று சொல்வது போலத்தானே? குழந்தை இல்லாமலே அந்த இருவரும் சேர்ந்திருந்தால் நானும் உங்கள் பக்கம் வந்திருப்பேன்.

சுவோன்வாசி

கொரியாவில் வேலை பார்க்கிறேன், அதனால் சட்ட விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். இது தெரிந்தால் அந்த ஆரம்பப் பகுதிகள் இன்னும் நன்றாகப் புரியும்.

நா ஹீ, க்யூ ஜின் செய்வது சம்மத விவாகரத்து. இரண்டு பேரும் சேர்ந்து குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உடனே கிடைக்காது, 2008-லிருந்து யோசிப்பதற்கென்று காத்திருப்புக் காலம் கட்டாயம். சிறு வயதுக் குழந்தைகள் இருந்தால் மூன்று மாதம், இல்லையென்றால் ஒரு மாதம். அது முடிந்து மறுபடி இருவரும் நீதிபதி முன்னால் போய் 'ஆமாம், சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அதோடும் முடியவில்லை. அந்த உறுதிச் சான்றை மூன்று மாதத்துக்குள் வட்டார அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால் எல்லாம் செல்லாமல் போய்விடும்.

அதாவது மனம் மாற வாசல்கள் நிறைய. நா ஹீக்கும் க்யூ ஜின்னுக்கும் குழந்தை இல்லை என்பதால் அவர்களுக்கு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதக் கணக்கிலும் அந்த இழப்பு ஒளிந்திருக்கிறது. கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று 'வேண்டாம்' என்று சொல்லித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் தாழம்பூவோடு ஒத்துப்போகிறேன்.

தொடர் வந்த 2020-இல் இங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் விவாகரத்துகள் நடந்தன. என் அலுவலகத்தில் மூத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது இன்னமும் குரல் தாழ்கிறது. தொடரின் கொரியத் தலைப்பே 'ஒருமுறை போய் வந்தவர்கள்' என்கிற தொனியில், கல்யாணம் என்கிற ஊருக்குப் போய்த் திரும்பியது போல இருக்கும். அந்தப் பேச்சை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்ததே பெரிய விஷயம்.

பனைநிழல்

கடலோரம் சொன்ன 'எட்டு மணிச் சட்டம்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். 'ஒன்ஸ் அகெய்ன்' தொடங்கியதற்கு முந்தைய நாள், 2020 மார்ச் 27, ஜேடிபிசி என்கிற கேபிள் தொலைக்காட்சியில் 'தி வேர்ல்ட் ஆஃப் தி மேரீட்' தொடங்கியது. அதே வார இறுதி, அதே விவாகரத்து. ஒன்று சாப்பாட்டு நேரத்தில், மற்றது பிள்ளைகள் தூங்கிய பிறகு.

அதில் கிம் ஹீ ஏ நடித்த மருத்துவருக்குக் கணவனின் துரோகம் தெரிகிறது, அப்புறம் 16 பகுதிகளும் போர்தான். பிபிசியின் 'டாக்டர் ஃபாஸ்டர்' தழுவல். 28 சதவீதத்தைத் தாண்டி கேபிள் நாடகங்களின் சாதனையை உடைத்தது. 2015 பிப்ரவரி வரை கொரியாவில் திருமணத்துக்கு வெளியேயான உறவு குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. அரசியல் சாசன நீதிமன்றம்தான் அதை நீக்கியது. அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போன பிறகு, திரையில் அது இன்னும் பெரிதாக வெடித்ததாக எனக்குப் படும்.

ஆனால் எனக்கு எது வாழ்க்கை மாதிரி இருந்தது என்றால் 'ஒன்ஸ் அகெய்ன்'தான். வில்லன் இல்லாத விவாகரத்தை எழுதுவதுதான் கஷ்டம். க்யூ ஜின் நல்லவன். நா ஹீயும் நல்லவள். இரண்டு நல்லவர்கள் ஒரு வீட்டில் மூச்சுவிட முடியாமல் இருப்பதை எழுத்தாளர் யாங் ஹீ சங் நன்றாகப் பிடித்திருக்கிறார். அவரே 2018-இல் எழுதிய 'ஃபெமிலியர் வைஃப்' தொடரிலும் அலுத்துப்போன கணவன் மனைவிதான், ஆனால் அங்கே காலத்தில் பின்னே போகிற மாயம் தேவைப்பட்டது. இங்கே மாயம் எதுவும் இல்லை, குடும்ப நீதிமன்றம் மட்டும்தான்.

மல்லிகைமொட்டு

எல்லாரும் நா ஹீயைப் பற்றியே பேசுகிறீர்களே, டா ஹீ, ஜே சொக் ஜோடியை யாருமே சொல்லவில்லை! எனக்குத் தொடரே அவர்கள்தான். அவர்களாக நடித்த லீ சோ ஹீயும் லீ சாங் யியும் வருகிற காட்சிகளை மட்டும் தேடித் தேடித் திரும்பப் பார்த்திருக்கிறேன். டா ஹீ வேலையை விட்டுவிட்டு மறுபடி கல்லூரியில் சேரத் தேர்வுக்குப் படிக்கும்போது ஜே சொக் பக்கத்தில் இருப்பானே, அதுதான் காதல். பெரிய வசனம் எதுவுமில்லை, அவள் படிக்கிறாள் என்பதை அவன் மதிக்கிறான்.

ஆனால் ஒரு சந்தேகம். ஜே சொக், க்யூ ஜின்னின் தம்பி. அக்காவும் தங்கையும் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொள்வதில் என்ன தப்பு? எங்கள் பக்கம் இது நல்ல சம்பந்தம் என்றுதான் சொல்வார்கள், ஒரே வீட்டில் இரண்டு பெண்களும் இருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்பார்கள். அங்கே இரண்டு அம்மாக்களும் வானம் இடிந்த மாதிரி அழுகிறார்கள். பாதித் தொடர் இதிலேயே போகிறது. எனக்கு அந்தப் பகுதிகள் ஒட்டவே இல்லை.

சுவோன்வாசி

மல்லிகைமொட்டு, நானும் முதலில் அப்படித்தான் குழம்பினேன். இங்கே கூட வேலை செய்கிற ஒரு அக்காவிடம் கேட்டேன். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் சம்பந்தி வீடு என்பது இங்கே மரியாதையோடு தள்ளி வைக்க வேண்டிய இடம். 'சம்பந்தி வீடும் கழிப்பறையும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது' என்று இவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. நம்மிடம் உறவுக்குள்ளேயே உறவு சேர்த்துக் கட்டுகிற வழக்கம், அத்தை மகள், மாமன் மகன் எல்லாம் இயல்பு. இங்கே நேர் எதிர். 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிடும்வரை ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் உள்ளவர்கள், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும், கல்யாணம் செய்ய முடியாது. சொந்தத்துக்குள் பின்னுவது என்றாலே உள்ளூர ஒரு கூச்சம்.

அதற்கு மேல் நா ஹீ, க்யூ ஜின் ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள். ஓக் பூனின் பார்வையில், மகள் நா ஹீ கண்ணீரோடு வெளியே வந்த அதே வீட்டுக்குள் கடைக்குட்டியை அனுப்ப வேண்டும். அந்த வீட்டு மாமியார் சோய் யூன் ஜங் யார்? இவளுடைய பள்ளிக்காலத் தோழி, பழைய போட்டிக்காரியும்கூட. இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த அழுகை உறைக்கும்.

மல்லிகைமொட்டு

ஓ, அந்தக் கோணத்தில் பார்த்தால் ஓக் பூன் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைகிறது. சரி, அந்தப் பகுதிகளை மறுபடி பார்க்கிறேன்.

வேலியோரம்

நான் இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நானும் விவாகரத்தாகி மகனோடு அம்மா வீட்டுக்கு வந்தவள். அதனால் எனக்கு இந்தத் தொடர் கா ஹீயின் தொடர். கா ஹீயாக ஓ யூன் ஆ செய்வது பெரிய நடிப்பு என்று யாரும் சொல்வதில்லை, சிரிக்க வைக்கிற பாத்திரம் என்று கடந்துவிடுகிறார்கள். அவள் வீட்டில் அலங்காரம் செய்துகொண்டு திரிகிறாள், அம்மா திட்டுகிறாள். ஆனால் கவனியுங்கள், அந்த வீட்டில் அவள் அறை அவள் அறை இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் பேச்சுக்கு எடை இல்லை. விமானத்தில் உலகம் சுற்றியவள் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். கல்யாணத்தால் வேலை அனுபவத்தில் இடைவெளி விழுந்த பெண்ணுக்கு முப்பதுகளின் கடைசியில் என்ன கிடைக்கும் என்பதை அந்தக் கடைக்காட்சிகள் கூச்சமில்லாமல் காட்டுகின்றன. அப்புறம் அவள் தன் கையால் துணிகளை மாற்றித் தைத்து, இணையத்தில் விற்று எழுந்து வருகிறாளே, அங்கேதான் நான் அழுதேன்.

அந்தத் துணிக்கடையில் வேலை செய்கிற ஹ்யோ ஷின் வயதில் இளையவன். அவனோடு காதல் வரும்போது கா ஹீ முதலில் பார்ப்பது தன் மகன் முகத்தை. இதை எழுதியவர்களுக்கு எங்கள் மாதிரிப் பெண்களைத் தெரியும்.

கடலோரம் சொன்ன இரட்டைக் குழந்தை விஷயத்தில் நான் அவர் பக்கம். ஆனால் தாழம்பூ அக்கா சொன்ன மற்றதிலும் நியாயம் இருக்கிறது. நான் பிரிந்த பிறகுதான் என் முன்னாள் கணவரோடு மகன் விஷயமாக முதன்முறையாகக் கத்தாமல் பேச முடிந்தது. நாங்கள் சேரப்போவதில்லை, அது வேறு. ஆனால் பிரிந்த பிறகு பேச்சு வரும் என்பது கற்பனை இல்லை.

தாழம்பூ

வேலியோரம், எழுதியதற்கு நன்றி. கா ஹீயை நான் முதல் பதிவில் ஒரே வரியில் தாண்டிப்போனது உறுத்துகிறது, நீங்கள் அவளுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிட்டீர்கள்.

கடலோரம், இரட்டைக் குழந்தைகளைப் பற்றி: நீங்கள் சொல்கிற ஆபத்து உண்மை. ஆனால் வரிசையைப் பாருங்கள். அவர்கள் இருவரும் இழந்த குழந்தையைப் பற்றிப் பேசி அழுவது, சேர்வதாக முடிவெடுப்பது, இது இரண்டும் முடிந்த பிறகுதான் கர்ப்பம் வருகிறது. குழந்தைக்காகச் சேர்ந்திருந்தால் நானே தொடரைத் திட்டியிருப்பேன். அந்தக் கர்ப்பத்தையும் கொண்டாட்டமாக மட்டும் காட்டவில்லை, இருவருடைய பயமும் கூடவே வருகிறது. ஒருமுறை இழந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பம் முழுக்கப் பயம்தான்.

எட்டு மணிச் சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளே அவர்கள் கொண்டுபோய் வைத்தது என்ன? சுன் ஹோ ஜின் நடித்த அப்பாவைப் பாருங்கள். நான்கு பிள்ளைகளும் திரும்பி வருவதைக் கடைசிவரை அவமானமாகவே எடுத்துக்கொண்டிருந்தால் அது பழைய தொடர். யங் டால் கோபப்படுகிறார், வெட்கப்படுகிறார், அப்புறம் கதவைத் திறந்து வைக்கிறார். அந்த ஆண்டு கேபிஎஸ் நாடக விருதுகளில் அவருக்குத்தான் பெரிய விருது. 2017-லும் 'மை கோல்டன் லைஃப்' அப்பாவுக்காக வாங்கியவர். கொரியாவில் அத்தனை பெரிய பார்வையாளர் கூட்டம் முன்னால் ஒரு அப்பா 'நீ சந்தோஷமாக இல்லையென்றால் வந்துவிடு' என்கிற இடத்துக்கு வந்து சேர்வது சின்ன விஷயமில்லை. 2008 தொடக்கம் வரைக்கும் அங்கே குடும்பப் பதிவேடு ஆணைத் தலைவனாக வைத்துத்தான் எழுதப்பட்டது, கல்யாணமான பெண் புருஷன் வீட்டுப் பதிவுக்குப் போய்விடுவாள். மகள் திரும்பி வர வீடு உண்டு என்பதற்கு அந்தச் சமூகத்தில் எடை அதிகம்.

கடலோரம்

அப்பா பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அவர் இல்லாவிட்டால் தொடரே இல்லை. இரட்டைக் குழந்தைகள் விஷயத்தில் என் மனம் மாறவில்லை.

மாமியார் யூன் ஜங்கையும் பேச வேண்டும். கிம் போ யொன் அற்புதமாக நடித்தார். மகன் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது, மருமகளைக் குத்துவது என்று முதல் பாதியில் அவர் வந்தாலே எனக்கு எரிச்சல். அப்புறம் அவருக்கு மறதி நோய் வருகிறது, நா ஹீ அவரைப் பார்த்துக்கொள்கிறாள், எல்லாம் கரைகிறது. இது நியாயமா? அந்த மாமியார் தான் செய்ததைப் புரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிற பாதை தனியாக இருந்திருக்க வேண்டும். நோய் அதைச் சுருக்கிவிட்டது. நோயாளியிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது அல்லவா? நா ஹீக்குக் கேட்க வேண்டிய கணக்கு நிறைய இருந்தது.

பனைநிழல்

இதில் கடலோரத்தோடு முழுக்க உடன்படுகிறேன். வார இறுதித் தொடர்களின் பழைய பழக்கம் இது. கடைசிப் பத்துப் பகுதிகளில் யாருக்காவது பெரிய நோய் வரும், எல்லாப் பகையும் மருத்துவமனை வராந்தாவில் முடிந்துவிடும்.

அதே தொடரில் சோ யொன் பாத்திரத்துக்கு எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'பாரசைட்' படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த லீ ஜங் உன்தான். சந்தையில் கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) கடை போடுகிறாள். அவளுடைய பழைய மதுக்கடை வாழ்க்கையை வைத்துச் சந்தைப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். யங் டால் சின்ன வயதில் தொலைத்த தங்கை அவள்தான். இடையில் வேறொருத்தி வந்து தான்தான் தங்கை என்று ஏமாற்றுகிறாள். எல்லாம் தெரிந்தும் அண்ணனும் தங்கையும் சேரும் காட்சியில் நான் திரையை நிறுத்திவிட்டேன், தொடர்ந்து பார்க்க முடியவில்லை. அங்கே அவசரம் இல்லை. அந்தப் பொறுமையில் பாதி யூன் ஜங்குக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

நீலக்கொடி

இன்னும் பார்க்கவில்லை, ஆனால் இழை முழுக்கப் படித்துவிட்டேன், பரவாயில்லை. 100 பகுதிகள் என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு பெரிய தொடரா? எங்கே பார்ப்பது?

பனைநிழல்

பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 நிமிடம்தான். அப்போது கொரியாவில் கேபிஎஸ் போன்ற தரைவழித் தொலைக்காட்சிகள் நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போட அனுமதி கிடையாது. அதனால் ஒரு மாலைக்கான பகுதியை இரண்டாக உடைத்து, இடையில் விளம்பரம் போட்டார்கள். 2021 ஜூலையில்தான் அந்த விதி மாறியது. ஆக நீங்கள் பார்க்கப்போவது 50 மாலைகள். விக்கி (Viki) என்கிற இணையத் தொடர் தளத்தில் ஆங்கில வசன எழுத்தோடு வந்தது, இப்போதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். முதல் பத்துப் பகுதிகளில் சத்தமும் சண்டையும் அதிகம், அதைத் தாண்டுங்கள்.

வேலியோரம்

நீலக்கொடிக்கு ஒரு வார்த்தை: பார்க்கும்போது ஜூன் சன்னைச் சோம்பேறி என்று உடனே ஒதுக்காதீர்கள். கடன், வாக்குத் தவறுதல், பெண் குழந்தைகள் முன்னால் தலைகுனிவு எல்லாம் அவனிடம் உண்டு. அவன் மனைவி ஹ்யூன் கியங் அவனைத் திரும்ப ஏற்றுக்கொள்ள எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கவனியுங்கள். அழுதான், சேர்ந்தாள் என்று இல்லை. அவன் வேலையில் நிலைத்து நிற்கிறானா என்று பார்க்கிறாள், குழந்தைகள் விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று பார்க்கிறாள். இந்தத் தொடரில் இரண்டு மறுகூடலில் எனக்கு அதிகம் நம்பும்படி இருந்தது நா ஹீயுடையது இல்லை, ஹ்யூன் கியங்குடையதுதான். நிபந்தனையோடு சேர்கிறாள்.

தாழம்பூ

அந்த ஜோடிக்குத் திரையில் கிடைத்த நேரம் குறைவு, அதனால்தான் பேச்சில் விடுபட்டுப் போகிறார்கள். ஹ்யூன் கியங் பற்றித் தனியாக எழுதுங்கள் வேலியோரம், இங்கேயே எழுதலாம். நான் இந்த வாரம் 30-லிருந்து 40 வரையான பகுதிகளைத் திரும்பப் பார்க்கப்போகிறேன். நா ஹீயும் க்யூ ஜின்னும் ஒப்பந்தத்தோடு ஒரே வீட்டில் இருக்கிற காட்சிகளில் எந்த இடத்தில் பேச்சு மாறத் தொடங்குகிறது என்று குறித்துப் போடுகிறேன். கடலோரம், நீங்களும் அதையே பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.